பழைய நைலான் ஸ்டாக்கிங், லெக்கின்ஸ்: வீட்டிலும் தோட்டத்திலும் மறுபடி பயன்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வீடுகளில் நைலான் ஸ்டாக்கிங் வந்து சேரும் வழிகள் சில உண்டு. பள்ளிக்கூடச் சீருடையோடு வாங்குவது, ஓசூர் போன்ற ஊர்களில் வேலைக்குப் போட்டுக்கொள்வது, வெரிகோஸ் வெயினுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது. கூடவே இழுவை போன லெக்கின்ஸ் எல்லா வீட்டு அலமாரியிலும் கிடக்கிறது. ஒரு இழை அறுந்தாலே ஸ்டாக்கிங் போட்டுக்கொள்ள லாயக்கில்லை. ஆனால் இழுத்தால் நீளும் தன்மையும், காற்றும் நீரும் போகும் பொடிக் கண்களும் அப்படியே இருக்கும். அந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே உள்ள எல்லா வேலையும் நடக்கிறது. அதற்கு ஆகாதவை இரண்டு: சூடு, வெயில்.

எங்கள் வீட்டில் இருப்பது நைலானா, காட்டனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். "நைலான்" அல்லது "பாலிஅமைடு" என்று இருந்தால் இரண்டும் ஒன்றுதான். "எலாஸ்டேன்", "ஸ்பேண்டெக்ஸ்", "லைக்ரா" என்பது நீள்வதற்காகச் சேர்க்கும் ரப்பர் போன்ற இழை.

சீட்டு இல்லையென்றால் ஓரத்திலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு நூல் பிரித்து, இடுக்கியில் பிடித்து, வெளியே திறந்த இடத்தில் தீக்குச்சி காட்டுங்கள். காட்டன் காகிதம் போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். நைலான் தீயைக் கண்டு சுருங்கி, உருகி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். உருகிய நைலான் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். ஆகவே ஒரு நூலுக்கு மேல் வேண்டாம், பிள்ளைகள் கையில் கொடுக்கவும் வேண்டாம்.

கடைகளில் விற்கும் லெக்கின்ஸ் பெரும்பாலும் காட்டன் லைக்ரா. அது வீட்டுக்குள் மிதியடி, துடைப்புத் துணி போன்றவற்றுக்கு நன்றாக உதவும். ஆனால் ஈரத்தில் கிடந்தால் மக்கும். மண்ணுக்குள், தண்ணீருக்குள் வைக்கும் வேலைக்கு நைலானையே எடுங்கள்.

டெனியர் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே, அது எதற்கு?

9000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 15, 20 டெனியர் என்றால் தோல் தெரியும் மெல்லிய ரகம்: வடிகட்ட, தூசி துடைக்க ஏற்றது. 40-க்கு மேல் என்றால் கெட்டி ரகம்: கட்ட, தொங்கவிட, பாரம் தாங்க ஏற்றது. வெரிகோஸ் ஸ்டாக்கிங் எல்லாவற்றையும்விடக் கெட்டி.

வெட்டுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

வெதுவெதுப்பான நீரில் ஷாம்பு அல்லது லேசான சோப்புத்தூள் போட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். ப்ளீச்சிங் பவுடரோ குளோரின் ப்ளீச்சோ கூடாது. அவை நைலானை நலிவாக்கும், எலாஸ்டேனின் இழுவையை இன்னும் சீக்கிரமாகக் கெடுத்துவிடும். வெந்நீரில் கொதிக்க வைப்பதும் அப்படித்தான்.

பிறகு நான்காகப் பிரியுங்கள்: இடுப்புப் பட்டை, தொடைப் பகுதி, கால் குழல், விரல் பகுதி. இடுப்புப் பட்டை தடிமனான ரப்பர் வளையம். குப்பைக் கூடையில் போடும் பை உள்ளே சரியாமல் பிடிக்க அதைவிட நல்லது இல்லை. விரல் பகுதி ஏற்கெனவே அடைத்த பை. கால் குழலைக் குறுக்காக வெட்டினால் வளையங்கள் கிடைக்கும், நீளவாட்டில் வெட்டினால் பட்டை கிடைக்கும். பட்டையின் இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழு இழுத்தால் ஓரம் உள்ளே சுருண்டு கயிறு போல ஆகிவிடும்.

நல்ல கூரான கத்தரிக்கோல் வேண்டும். மொண்ணைக் கத்தரி துணியை நசுக்கி இழுக்கும், வெட்டு கோணலாகும்.

வெட்டிய இடத்திலிருந்து இழை ஓடிக்கொண்டே போகிறதே?

மெல்லிய ரகத்தில் இது நடக்கும். ஓட்டம் நின்ற இடத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு துளி வைத்துக் காயவிடுங்கள். கெட்டி ரகமானால் கொளுத்திய ஊதுவத்தியின் கனலும் நுனியை ஓரத்துக்குப் பக்கத்தில், தொடாமல், ஒரு நொடி காட்டி எடுத்தால் ஓரம் உருகி மூடிக்கொள்ளும். மெல்லியதில் இதைச் செய்தால் ஓட்டைதான் விழும்.

வெங்காயம், பூண்டு இதில் போட்டு வைக்கலாமா?

தாராளமாக. இதில் கிடைக்கும் பலன் மற்ற எதிலும் கிடைப்பதில்லை. கூடையில் குவித்து வைத்த வெங்காயத்தில் ஒன்று அழுகினால் அதன் நீர் பக்கத்து வெங்காயத்தில் இறங்கி நாலைந்தையும் கெடுத்துவிடும். ஸ்டாக்கிங்கில் ஒவ்வொன்றும் தனித்தனி அறையில், நாலு பக்கமும் காற்றோடு இருக்கும்.

கெட்டி ரகக் கால் குழல் ஒன்றை எடுத்து, விரல் பகுதிக்குள் ஒரு பெரிய வெங்காயத்தைத் தள்ளி அதற்கு மேல் ஒரு முடிச்சு. அடுத்த வெங்காயம், அடுத்த முடிச்சு. சின்ன வெங்காயமானால் ஒரு அறைக்கு ஒரு கைப்பிடி. பூண்டு இரண்டு மூன்று முழுத்தலை. எடுக்கும்போது கடைசி முடிச்சுக்குக் கீழே வெட்டினால் மேலே உள்ளவை அசையாது. முடிச்சுக்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டால் குழலை வெட்டாமல் பல முறை பயன்படுத்தலாம். மெல்லிய ரகத்தில் ஒரு கிலோவுக்கு மேல் தொங்கவிட்டால் தரைவரை நீண்டுவிடும்.

தொங்கவிடும் இடம் முக்கியம். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம்: ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். வெயில் படும் ஜன்னலும் வேண்டாம். சமையலறைக்கு வெளியே, மழைச் சாரல் படாத, காற்றோட்டமான தாழ்வாரம் நல்லது. பக்கத்தில் உருளைக்கிழங்கு வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் முளைவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் அழுகுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் வெங்காயத்தில். தாள் காயாமல், கழுத்து பச்சையாக இருக்கும்போதே வாங்கியது எதில் வைத்தாலும் நிற்காது. கழுத்தை விரலால் அமுக்கிப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் அதை முதலில் சமைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வாரம் ஒருமுறை ஒவ்வொரு அறையையும் தொட்டுப் பாருங்கள்.

எலித் தொல்லை உள்ள வீட்டில் இது பாதுகாப்பில்லை. நைலானை எலி நொடியில் கடித்துவிடும்.

செடி கட்டுவதற்கு எப்படி வெட்டுவது?

2 முதல் 3 சென்டிமீட்டர் அகலப் பட்டை போதும். சணலும் பிளாஸ்டிக் கயிறும் தண்டு பருத்ததும் அதன் தோலுக்குள் பதிந்து அறுக்கும். ஸ்டாக்கிங் பட்டை தண்டோடு சேர்ந்து நீளும்.

கட்டும் முறை எட்டு வடிவம். முதலில் குச்சியைச் சுற்றி இறுக்கமாக ஒரு முடிச்சு. பிறகு பட்டையின் இரண்டு முனையையும் குச்சிக்கும் தண்டுக்கும் நடுவே ஒருமுறை குறுக்காகப் போட்டு, தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து தளர்வாகக் கட்டுங்கள். தண்டுக்கும் கட்டுக்கும் இடையே சுண்டுவிரல் நுழைய வேண்டும். நடுவில் குறுக்கு விழாவிட்டால் காற்றில் தண்டு குச்சியில் உரசித் தோல் போகும்.

தக்காளிக்கு முதல் கட்டு செடி ஒரு அடி உயரம் வந்ததும், பிறகு ஒவ்வொரு முக்கால் அடிக்கும் ஒன்று. பூங்கொத்துக்கு நேர் கீழே கட்டாதீர்கள். காய் பிடித்ததும் பாரத்தில் கொத்து கட்டின் மேல் மடங்கி முறியும். ரோஜாவுக்கு முள்ளை ஒட்டிக் கட்டினால் பட்டை சிக்கிக் கிழியும், இரண்டு முள்ளுக்கு நடுவே வெறும் தண்டில் கட்டுங்கள்.

வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானை மெல்ல மெல்ல நொறுங்கச் செய்யும். வெட்டவெளியில் கட்டியதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இழுத்துப் பார்த்து, இழுவை போயிருந்தால் மாற்றுங்கள்.

இதெல்லாம் வீட்டுத் தோட்டத்துக்கும் மாடித் தோட்டத்துக்கும். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் ஏக்கர் கணக்கில் தக்காளி வைத்துக் கம்பி இழுத்துப் பந்தல் போடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அத்தனை பட்டை சேராது, அறுவடை முடிந்து நிலத்தில் கிடக்கும் நைலான் துண்டுகள் மக்கவும் மக்காது. அங்கே சணல்தான் சரி.

மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்ட இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஒட்டு பிடிக்க வெட்டுவாய் காயாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் காற்றுப் புகாத பாலித்தீன் நாடாவைச் சுற்றுகிறார்கள். ஸ்டாக்கிங்கின் கண்கள் வழியே ஈரம் போய் ஒட்டுக்குச்சி இரண்டொரு நாளில் வாடிவிடும்.

ஒட்டு பிடித்து, நட்டு, நாடாவைப் பிரித்த பிறகு கன்றைக் குச்சியோடு கட்ட இது மிக நல்லது. ஒட்டுப் போட்ட முட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கட்டு போடுங்கள். ஆடிக் காற்றில் கன்று முறிவது அந்த முட்டில்தான்.

கொய்யா, சீத்தாப்பழத்துக்கு உறையாகப் போட்டேன். புழு வந்துவிட்டது. ஏன்?

உறை பழத்தோடு ஒட்டி இருந்திருக்கும். பழ ஈ தன் முட்டையிடும் ஊசியைத் தோலுக்குள் இறக்கித்தான் முட்டை வைக்கிறது. நீண்டு விரிந்த ஸ்டாக்கிங்கின் கண் வழியே அந்த ஊசி எளிதாக இறங்கும். பழத்துக்கும் துணிக்கும் நடுவே விரலளவு இடைவெளி வேண்டும்.

பழைய மின்கம்பியையோ மெல்லிய மூங்கில் சிம்பையோ வளைத்து, பழத்தைவிட 4 சென்டிமீட்டர் அகலமான வளையம் இரண்டு செய்யுங்கள். கெட்டி ரகக் குழலுக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்தால் கூண்டு மாதிரி விரிந்து நிற்கும். இரண்டு வாயையும் கட்டுங்கள், மேல்வாய் காம்பைச் சுற்றி இறுக்கமாக. பழம் முற்றத் தொடங்குமுன், காய் பச்சையாகவும் கல்லாகவும் இருக்கும்போதே போட வேண்டும். முட்டை உள்ளே போன பிறகு மூடினால் புழுவுக்குத்தான் பாதுகாப்பு.

நாலைந்து பழத்துக்கு இது சரி. மரம் முழுவதும் என்றால் காகித உறை செலவும் குறைவு, வேலையும் குறைவு. அணில் இரண்டையும் கடிக்கும்.

மாங்காய் பறிக்கும் தொரட்டிக்கு வலையாகக் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் மெல்லிய ஸ்டாக்கிங்கில் வேண்டாம். பெங்களூரா போன்ற பெரிய காய் இரண்டு சேர்ந்து விழுந்தாலே கிழிந்துவிடும். கெட்டி லெக்கின்ஸின் தொடைப் பகுதியை ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டையாக்கி எடுங்கள்.

6 மில்லிமீட்டர் கம்பியை 20 முதல் 22 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வளையமாக்கி, மூங்கில் கழியின் நுனியில் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். துணியின் வாயை வளையத்தின் மேல் மடித்து, கெட்டி நூலால் விரல்கடைக்கு ஒரு தையல் போட்டுச் சுற்றிலும் தையுங்கள். பையின் ஆழம் 30 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆழம் கூடினால் துணி பாரத்தில் இன்னும் நீண்டு, கிளையில் மாட்டும். கீழ் முனையைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

காம்பைப் பிய்த்து எடுக்காதீர்கள். வளையத்தின் வாயில் சின்னக் கத்தி ஒன்றைப் பொருத்தி, ஓரிரு அங்குலக் காம்போடு வெட்டுங்கள். காம்பு முறிந்த இடத்தில் வடியும் பால் தோலில் பட்டால் கறுத்துத் தழும்பாகும். அல்போன்சாவிலும் செந்தூராவிலும் அந்தக் கறை விலையையே குறைக்கும். பாலில் நனைந்த வலையை அன்றன்றே சோப்பில் அலசுங்கள், காய்ந்தால் பிசின் ஆகி அடுத்த நாள் காய்க்கெல்லாம் ஒட்டும்.

பூந்தொட்டி, க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) அடியில் போடலாமா?

வடிகால் துளையின் மேல் உள்ளங்கை அளவு துண்டை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே ஓட்டுச் சில்லு வைத்து மண் நிரப்புங்கள். தண்ணீர் இறங்கும், மண்ணும் தென்னை நார்த்தூளும் மாடித் தரையில் வழியாது. மூன்று நான்கு மடிப்பாகப் போட்டால் களிமண் பொடி அடைத்து நீர் தேங்கி வேர் அழுகும். மண் மாற்றும்போது அதை எடுத்துக் கழுவி மறுபடி போடலாம்.

பஞ்சகவ்யம் வடிகட்டினால் தெளிப்பான் அடைக்காமல் இருக்குமா?

இருக்கும். இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் பிளாஸ்டிக் சல்லடையில் ஊற்றிச் சாணித் திப்பியை எடுத்துவிடுங்கள். பிறகு 300 மில்லியை 10 லிட்டர் தண்ணீரில் கலந்து, அந்தக் கலவையை மெல்லிய ஸ்டாக்கிங் வழியே தெளிப்பானில் ஊற்றுங்கள். கலக்குமுன் கெட்டியாகவே ஸ்டாக்கிங்கில் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு; அது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், பிழிந்தால் திப்பியும் சேர்ந்து வந்துவிடும்.

தெளிப்பானின் வாயில் துணியை இறுக்கி விரிக்காமல், பை போல உள்ளே தொங்கவிட்டு ஓரத்தை வெளியே மடித்துப் பிடியுங்கள். விரிந்தால் கண் பெரிதாகும். பெயிண்டில் ஆடை கட்டிய கட்டிகளை எடுக்கவும், வெள்ளையடிக்கும் சுண்ணாம்புப் பாலை வடிக்கவும் இதே முறைதான். பூச்சிமருந்து வடிகட்டிய துண்டை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

போர் தண்ணீரில் மணல் வருகிறது. குழாயில் கட்டலாமா?

சம்புக்குள் தண்ணீர் விழும் குழாயின் வாயில் கட்டலாம். ஒரு அடி நீளக் குழலை, அடி முடிச்சுப் போட்டு, பை மாதிரி தொங்கவிடுங்கள். மணல் அடியில் சேரும், தண்ணீர் பக்கவாட்டில் வெளியேறும். குழாயின் வாயிலேயே தட்டையாக இழுத்துக் கட்டினால் ஐந்து நிமிடத்தில் அடைத்து, அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு போகும்.

மோட்டார் தண்ணீர் இழுக்கும் பக்கத்தில் மட்டும் கட்டவே கூடாது. இழுகுழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வைச் சுற்றிய ஸ்டாக்கிங் அடைத்தால் மோட்டாருக்கு நீர் கிடைக்காது. வறட்டு ஓட்டத்தில் சீல் காய்ந்து கருகும். துணி கிழிந்து, பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் சுற்றினால் பம்பையே கழற்ற வேண்டிவரும்.

அப்படி வடிகட்டினால் உப்பும் ஃபுளோரைடும் குறையுமா?

குறையாது. உப்பும் ஃபுளோரைடும் தண்ணீரில் கரைந்திருப்பவை, எந்தத் துணியிலும் நிற்காது. இந்த இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். தெளிவாகத் தெரிகிறதே என்று வடிகட்டிய போர் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். பல்லில் விழும் ஃபுளோரைடு கறை வாழ்நாளுக்கும் போகாது.

செப்டிக் டேங்க் காற்றுக் குழாயில் கட்டச் சொல்கிறார்களே, அதனால் என்ன பயன்?

வீட்டுக்கு ஒரே ஒரு துண்டு ஸ்டாக்கிங்தான் கிடைக்கிறது என்றால் அதை இங்கே கட்டுங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுக்கு நீரில் பெருகுவது. செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் திறந்திருந்தால் அது உள்ளே போய் முட்டையிட்டு, நூற்றுக்கணக்கில் வெளியே வரும். நைலான் வலை கட்டினால் வாயு வெளியேறும், கொசு போக வர முடியாது.

குழாயின் மூடியைக் கழற்றி, இரண்டு மடிப்பு ஸ்டாக்கிங்கைத் தளர்வாகப் போர்த்தி, விளிம்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே கறுப்பு கேபிள் டையால் இறுக்குங்கள். இறுக்கிப் போர்த்தினால் கண் விரிந்து பொடிக் கொசு நுழையும். ரப்பர் பேண்டு வெயிலில் சில வாரத்தில் வெடித்துவிடும். வெள்ளை கேபிள் டையும் சீக்கிரம் நொறுங்கும். கறுப்பில் சேர்த்திருக்கும் கரித்தூள் வெயிலைத் தாங்கும். பிறகு மூடியை மறுபடி மாட்டுங்கள், நைலான் மேல் நேர் வெயில் விழாமல் இருக்கும்.

நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒருமுறை பார்ப்பது அவசியம். மேல்நிலைத் தொட்டியின் வழிந்தோடும் குழாய்க்கும் இதே கட்டு போடலாம். டெங்கு கொசு பெருகுவது அங்கே உள்ள நல்ல தண்ணீரில்தான். அந்தக் குழாயில் ஒரே மடிப்பு போதும், நிரம்பும்போது தண்ணீர் தடையில்லாமல் வெளியேற வேண்டும்.

வாஷிங் மெஷின் தண்ணீரை வாழைக்கு விடுகிறோம். நூல்குப்பை அடைக்கிறது.

வடிகுழாயின் முனையில் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழலை, அடி முடிச்சோடு, கேபிள் டையால் மாட்டுங்கள். நீளம் குறைந்தால் சீக்கிரம் அடைத்து, தண்ணீர் வெளியேறாமல் மெஷின் பாதியில் நின்றுவிடும். மூன்று நான்கு துவைப்புக்கு ஒருமுறை உள்வெளியாகத் திருப்பி, காய்ந்த பிறகு உதறுங்கள். ஈரமாக இருந்தால் நூல்குப்பை ஒட்டிக்கொள்ளும், உதிராது. வடிகுழாய் சுவர்க் குழாய்க்குள் செருகியிருந்தால் இதை மாட்டாதீர்கள், கழன்று உள்ளே போனால் எடுப்பது பெரும்பாடு.

புளிக்கரைசல், தேங்காய்ப்பால் வடிகட்டலாமா? புதிதாக, போடாத ஸ்டாக்கிங்கில்?

புதிதானாலும் வேண்டாம். சாயம், மென்மைக்காகப் போடும் பூச்சு, எலாஸ்டேன் எல்லாம் உடுத்துவதற்காகச் சேர்த்தவை, சாப்பாட்டுக்கு அல்ல. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அவை இறங்கும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியே போதும்.

வடகம், வற்றல் காயும்போது ஈயும் காக்கையும் வராமல் மூட வேண்டுமானால் பழைய நைலான் சேலையைத் தட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கயிறு கட்டி விரியுங்கள். உணவில் படக் கூடாது.

பாத்திரம் இறக்கப் பிடிதுணியாக?

ஒருபோதும் வேண்டாம். நைலான் அதன் வகையைப் பொறுத்து சுமார் 220 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். காய்ந்த தோசைக்கல் அந்தச் சூட்டை எளிதில் நெருங்கும். விறகடுப்பு, சாமி விளக்கு பக்கத்திலும் தொங்கவிடாதீர்கள்.

மிதியடி பின்னுவது எப்படி? எத்தனை லெக்கின்ஸ் தேவைப்படும்?

45-க்கு 60 சென்டிமீட்டர் நீள்வட்ட மிதியடிக்கு பெரியவர்களின் லெக்கின்ஸ் ஆறு முதல் எட்டு வரை பிடிக்கும். மெல்லிய ஸ்டாக்கிங் மட்டும் வைத்துப் பின்னினால் தரையில் வழுக்கும். ஆகவே அதைப் பொறுக்கிச் சேர்க்காமல் கெட்டித் துணியையே எடுங்கள்.

கால் குழலைக் குறுக்காக 5 சென்டிமீட்டர் அகல வளையங்களாக வெட்டுங்கள். ஒரு வளையத்தை இன்னொன்றின் மேல் பாதி வைத்து, மேல் வளையத்தின் வெளி முனையைக் கீழ் வளையத்தின் ஓரத்துக்கு அடியாகக் கொண்டுவந்து, மேல் வளையத்தின் வாய்க்குள்ளேயே விட்டு இழுத்தால் தையல் இல்லாமல் கோத்துக்கொள்ளும். இப்படி மூன்று நீளச் சரங்கள் செய்து, மூன்றின் நுனியையும் கதவுக் கொக்கியில் மாட்டி, சடை பின்னுங்கள். சரங்களை நீட்டி இழுத்துப் பின்னக் கூடாது. நீட்டிப் பின்னிய சடை கொக்கியிலிருந்து எடுத்ததும் சுருங்கி உருளும்.

நடுவில் 15 சென்டிமீட்டர் நேராக வைத்து, அதைச் சுற்றிச் சடையைத் தரையில் தட்டையாகச் சுற்றிக்கொண்டே, பக்கத்துப் பக்கத்துச் சடைகளைக் கோணி ஊசியாலும் கெட்டி நைலான் நூலாலும் தைத்து வாருங்கள். தைப்பது மடியில் வைத்தல்ல, தரையிலோ மேசையிலோ வைத்துத்தான். மடியில் வைத்தால் வளைவில் தெரியாமலே இறுகி, முடிந்த பிறகு பார்த்தால் ஓரம் கிண்ணம் போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படித் தூக்கினால் கடைசி இரண்டு சுற்றைப் பிரித்து, இரண்டு முனை வளைவிலும் சடையைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்துத் தையுங்கள். ஓரம் அலை அலையாக நெளிந்தால் அதற்கு நேர்மாறு: சடை தேவைக்கு மேல் தளர்ந்திருக்கிறது, சற்று இறுக்குங்கள்.

குளியலறை வாசலில் போடுவதற்குக் காட்டன் லைக்ராதான் நல்லது. நைலான் குறைவாகவே ஈரம் உறிஞ்சும்.

தலையணை, பொம்மை திணிக்க?

3, 4 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கித் திணியுங்கள். முழு ஸ்டாக்கிங்கை உருட்டி அடைத்தால் முதல் துவைப்பிலேயே கட்டி கட்டியாகும். பொம்மைக்கும் சோபாத் திண்டுக்கும் சரி. தலைக்கு வைத்துப் படுக்க நம் கோடையில் புழுங்கும். அதற்கு இலவம்பஞ்சே மேல்.

வீடு துடைக்க உதவுமா?

உலர்ந்த நைலானைத் தேய்த்தால் அதில் நிலை மின்சாரம் ஏறி தூசியை இழுத்துப் பிடிக்கும். கையில் உறை போல மாட்டிக்கொண்டு மின்விசிறி இறக்கை, ஜன்னல் கொசுவலை, டிவியின் பின்பக்கம் துடையுங்கள். நனைத்தால் இந்தக் குணம் போய்விடும். விசிறி துடைக்கும்போது சுவிட்சை அணையுங்கள்.

உப்புத் தண்ணீர் கறை படிந்த ஸ்டீல் குழாயை எலுமிச்சைச் சாறு தடவி ஊறவைத்து, சுருட்டிய ஸ்டாக்கிங்கால் தேய்த்தால் கீறல் விழாது. கழிவறை கழுவும் ஆசிட்டோடு மட்டும் சேர்க்காதீர்கள், கடும் அமிலம் நைலானைத் தின்னும்.

மிஞ்சிய சோப்புத் துண்டுகளை விரல் பகுதியில் போட்டு முடிந்து, துணி துவைக்கும் கல் பக்கத்தில் தொங்கவிடலாம்.

பட்டுப்புழு மனையில் ஊஜி ஈ வலை கிழிந்திருக்கிறது. ஒட்டுப்போடலாமா?

சின்னக் கிழிசலுக்குப் போடலாம். ஊஜி ஈ புழுவின் உடம்பின் மேல் முட்டையிடுவது, ஒரு ஈ உள்ளே வந்தாலும் இழப்புதான். கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 3 சென்டிமீட்டர் பெரிய துண்டை, இழுக்காமல் வைத்து, நெருக்கமாகத் தையுங்கள். பசை போட்டு ஒட்ட வேண்டாம்.

அந்தத் துணியில் அந்துருண்டை, சென்ட், கொசு மருந்து வாசனை துளியும் இருக்கக் கூடாது. பட்டுப்புழு இவற்றைத் தாங்காது. சோப்பில் துவைத்து, வெறும் தண்ணீரில் நாலைந்து முறை அலசி, இரண்டு நாள் காற்றாட விட்டுப் பிறகு எடுங்கள். கிழிசல் கையகலத்துக்கு மேல் என்றால் புது வலை வாங்குவதே முறை.

அம்மாவின் பழைய வெரிகோஸ் ஸ்டாக்கிங்கை வேறு ஒருவர் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. அது அவரவர் கால் அளவுக்கும், டாக்டர் சொன்ன அழுத்தத்துக்கும் வாங்கியது. தினமும் போட்டால் ஆறு மாதம் போல அதன் அழுத்தம் குறைந்துவிடும் என்பதால்தான் மாற்றச் சொல்கிறார்கள். பொருந்தாத அழுத்தம் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

விரல் பகுதியை வெட்டிவிட்டுக் கை உறையாகப் போட்டுக்கொண்டால் வெண்டை பறிக்கும்போது சுனை அரிக்காது. ரோஜா முள்ளை அது தடுக்காது. விரல் பகுதிகளை நாற்காலி, கட்டில் கால்களுக்கு மாட்டினால் டைல்ஸில் கீறல் விழாது.

வண்டியில் சாமான் கட்ட, ஃபேன் பெல்ட் அறுந்தால் தற்காலிகமாகப் போட?

இரண்டும் வேண்டாம். பைக்கில் கட்டிய முடிச்சு ஓட்டத்தில் தளர்ந்து சக்கரத்திலோ சங்கிலியிலோ சுற்றினால் உயிருக்கே ஆபத்து. இன்றைய கார்களில் ஒரே பெல்ட் பல பாகங்களை ஓட்டுகிறது. ஸ்டாக்கிங் அந்த இழுவையைத் தாங்காது, அறுந்து இன்ஜினில் சிக்கும்.

எதற்கும் ஆகாத துண்டுகளை என்ன செய்வது?

எரிக்காதீர்கள். நைலான் எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு வரும். தண்ணீர் காயவைக்கும் அடுப்பில் போடுவது வீட்டில் உள்ள எல்லோருக்கும் கேடு. எருக்குழியிலும் போட வேண்டாம், மக்காமல் அப்படியே வயலுக்குப் போகும். மாடு மேயும் இடத்தில் விட்டால் தின்றுவிடும், இரைப்பையில் சுருண்டு அடைக்கும். துண்டுகளை ஒரு பையில் சேர்த்துவைத்து, மக்காத குப்பை என்று தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.